மெலாஞ்ச் நூலும் நம் மூதாதையரும்

(திருப்பூர் மாவட்டம், அருள்புரத்தில் ஆசிரியர்களுக்கான குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களும் ஒரே கூடத்தில் உட்கார்வது எப்போதாவதுதான் நடக்கிறது. மரபியல் பாடத்தை எப்படி நடத்தலாம் என்று பேசச் சொன்னார்கள். மெண்டலின் பட்டாணிச் செடியை நீங்கள் என்னைவிட நன்றாகவே நடத்துவீர்கள். எனவே பாடம் முடிந்த பிறகு பிள்ளைகள் கேட்கிற கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். “அப்படின்னா நாமெல்லாம் எங்கிருந்து சார் வந்தோம்?”

இந்தக் கேள்வி அருள்புரத்தில் சும்மா வருவதில்லை. இங்கே ஒரு வகுப்பில் தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி, ஒடியா, வங்காளம் என்று வீட்டுமொழிகள் இருக்கின்றன. மதுரை, தேனி பக்கமிருந்து பனியன் வேலைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளையும், பீகாரிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். இடைவேளையில் இரண்டு வாக்கியங்கள் காதில் விழும். ஒன்று, “அவன் இந்திக்காரன் சார்.” இன்னொன்று கொஞ்சம் தாழ்ந்த குரலில், “அவங்க ரத்தம் வேற சார்.” 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்டதை நாம் மறந்திருக்க முடியாது. அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் கையில் கட்டும் வண்ணக் கயிறு வரை பேசியது. கயிற்றை அவிழ்க்கச் சொல்லிவிடலாம். “ரத்தம் வேற” என்ற நம்பிக்கைக்குப் பதில் சொல்லவேண்டிய இடம் அறிவியல் வகுப்பு.

அந்த நம்பிக்கைக்கு அறிவியல் வேடம் போட்ட வரலாறும் உண்டு. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். தென்னிந்திய மக்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தார். 1909இல் ரங்காச்சாரி துணையோடு ஏழு தொகுதிகளாகத் தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றி எழுதி வெளியிட்டார். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹெர்பர்ட் ரிஸ்லி இன்னும் ஒரு படி மேலே போனார். மூக்கு அகலமாக ஆக, சமூகத்தில் படிநிலை இறங்கும் என்று விதியே எழுதினார். அளவுகோல் சரியாக இருந்தது, கேள்விதான் கெட்டுப்போயிருந்தது. யார் உயர்ந்தவர் என்ற விடையை முதலில் வைத்துக்கொண்டு மூக்கைத் தேடிப் போனார்கள். இதை உங்கள் வகுப்பில் சொல்லுங்கள். அறிவியல் எப்படித் தடம் புரளும் என்பதற்கு நம் ஊரிலேயே இருக்கிற உதாரணம் இது.

இன்றைக்கு நமக்கு மூக்கு வேண்டாம், டி.என்.ஏ. இருக்கிறது. அது எப்படி வரலாறு சொல்கிறது என்பதை முதலில் பார்ப்போம். நம் ஒவ்வொருவருக்கும் குரோமோசோம்கள் ஜோடி ஜோடியாக இருக்கின்றன. ஜோடியில் ஒன்று அப்பாவிடமிருந்து, ஒன்று அம்மாவிடமிருந்து. நாம் நம் பிள்ளைக்குக் கொடுக்கும்போது அந்த இரண்டையும் வெட்டி, மாற்றி ஒட்டி, கலவையாக ஒன்றைக் கொடுக்கிறோம். குறுக்கெதிர் மாற்றம் என்று பாடநூலில் வருவது இதுதான். இரண்டு வேறுபட்ட கூட்டத்தார் கலந்து திருமணம் செய்துகொண்டால், முதல் தலைமுறையில் நீளநீளமான துண்டுகள் இருக்கும். தலைமுறை ஏற ஏற, துண்டுகள் வெட்டுப்பட்டுச் சிறிதாகிக்கொண்டே போகும். இன்று நம் உடலில் இருக்கும் துண்டுகளின் நீளத்தை அளந்தால், கலப்பு நடந்து எத்தனை தலைமுறை ஆயிற்று என்று கணக்கிடலாம். துண்டு நீளமாக இருந்தால் கலப்பு அண்மையில் நடந்தது, குட்டையாக இருந்தால் பழையது. இதற்குமேல் இருப்பது புள்ளியியல்.

டி.என்.ஏ.வை ஆராய்ந்து ஹைதராபாத்தில் உள்ள செல், மூலக்கூறு உயிரியல் மையத்தின் லால்ஜி சிங், தங்கராஜ் ஆகியோரும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் சேர்ந்து 2009இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இந்தியாவின் 25 குழுக்களிலிருந்து 132 பேர். அவர்கள் கண்டது: பெரும்பாலான இந்தியக் குழுக்கள் இரண்டு பழைய கூட்டத்தாரின் கலவை. ஒன்றுக்கு வட இந்திய மூதாதையர் என்றும், இன்னொன்றுக்குத் தென்னிந்திய மூதாதையர் என்றும் பெயர் வைத்தார்கள். என் கருத்தில் அது பொருத்தமில்லாத பெயர். அதைக் கேட்டதும் பிள்ளைகள் “வடக்கே அவங்க, தெற்கே நாம” என்று பிரித்துக்கொள்வார்கள். கட்டுரை சொன்னது நேர் எதிரானது. முதல் வகை மூதாதையரின் பங்கு பெரும்பாலான குழுக்களில் 39 முதல் 71 சதவீதம் வரை இருந்தது. அதாவது தெற்கே இருப்பவரிடமும் இரண்டும் உண்டு, வடக்கே இருப்பவரிடமும் இரண்டும் உண்டு. அளவுதான் கூடக் குறைய.

இங்கே நமக்கு வசதியான உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. கிரே மெலாஞ்ச் துணி இந்த ஊரில் தெரியாதவர் இல்லை. வெளியூர் ஆசிரியர்களுக்காகச் சொல்கிறேன். பஞ்சில் ஒரு பகுதிக்கு முதலில் கறுப்புச் சாயம் ஏற்றி, அதை வெள்ளைப் பஞ்சோடு கலந்து, அதன் பிறகு நூற்கிறார்கள். நூலாகிவிட்டால் கறுப்பைத் தனியே, வெள்ளையைத் தனியே எடுக்க முடியாது. கறுப்பின் சதவீதத்தைப் பொறுத்து ஒரு கோன் கொஞ்சம் அடர்த்தியாக இருக்கும், ஒரு கோன் கொஞ்சம் வெளுப்பாக இருக்கும். ஆனால் எல்லாம் மெலாஞ்ச்தான். சுத்த வெள்ளைக் கோன் ஒன்று இந்தியப் பெருநிலத்தில் கிடைக்கவில்லை என்பதுதான் செய்தி.

அடுத்த கேள்வி, எப்போது கலந்தார்கள்? 2013இல் பிரியா மூர்ஜானி முதன்மை ஆசிரியராக வந்த கட்டுரை 73 குழுக்களை எடுத்துக்கொண்டது. துண்டுகளின் நீளத்தை வைத்துக் கணக்கிட்டதில், கலப்பு ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன்பிலிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரையிலான காலத்தில் நடந்தது என்று வந்தது. தொலைவான மலைகளில் வாழும் பழங்குடிகள் உட்பட, கிட்டத்தட்ட எல்லோரையும் அந்தக் கலப்பு தொட்டிருக்கிறது. அதன் பிறகு துண்டுகள் வேறு கதை சொல்கின்றன. கலப்பு மிகவும் குறைந்துபோகிறது. அவரவர் குழுவுக்குள்ளேயே திருமணம் என்பது பரவி, இறுகுகிறது. நூற்றுமுடித்த கோன்களைத் தனித்தனிக் குடோனில் போட்டுப் பூட்டியது மாதிரி.

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் அண்ணல் அம்பேத்கர் ஞாபகம் வருவார். 1916 மே மாதம், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒரு கருத்தரங்கில் இந்தியச் சாதிகளைப் பற்றி அவர் கட்டுரை படித்தார். அப்போது அவருக்கு வயது 25. இந்திய மக்கள் கலப்பான மக்கள்தான், சாதியின் உயிர்நாடி அகமணம் என்பதுதான் அதன் வாதம். டி.என்.ஏ.வின் வடிவமே தெரியாத காலம் அது. ரிஸ்லி மூக்கை அளந்துகொண்டிருந்த அதே தலைமுறையில், அம்பேத்கர் திருமண விதியைப் பார்த்தார். ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்து மரபணு ஆய்வு வந்து நின்ற இடம் அம்பேத்கர் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. உயர்நிலை வகுப்பில் சமூக அறிவியல் ஆசிரியரும் அறிவியல் ஆசிரியரும் சேர்ந்து ஒரு பாடவேளை எடுக்கலாம் என்றால் இதை எடுக்கலாம்.

2019இல் படம் இன்னும் தெளிவானது. அந்த ஆண்டு பழைய எலும்புகளிலிருந்து எடுத்த டி.என்.ஏ. கிடைத்தது. ஹரியானாவில் ராகிகடி என்ற சிந்துவெளி நகரம். அங்கே 61 மாதிரிகளில் முயன்று, ஒரே ஒரு பெண்ணின் எலும்பிலிருந்து மட்டும் பயன்படும் அளவுக்கு டி.என்.ஏ. கிடைத்தது. நம் வெயிலும் ஈரமும் டி.என்.ஏ.வை அழித்துவிடுகின்றன. காதுக்குள்ளே இருக்கிற கெட்டியான எலும்பில்தான் கொஞ்சம் தங்கியிருக்கும். அந்தப் பெண்ணிடம் ஈரான் பகுதி மக்களோடு தொடர்புடைய மரபும், தெற்காசியாவின் மிகப் பழைய வேட்டைச் சமூகங்களின் மரபும் இருந்தன. மத்திய ஆசியப் புல்வெளிகளில் ஆடுமாடு மேய்த்தவர்களின் மரபு இல்லை. அது பிறகு, கி.மு. இரண்டாம் ஆயிரத்தில் வந்து சேர்ந்தது. ஆக, இன்றைய இந்தியர்களில் பெரும்பாலோர் இந்த மூன்று ஊற்றுகளிலிருந்து வந்தவர்கள். பாட்னாவிலிருந்து அருள்புரம் வந்த சிறுவனிடமும் இவை மூன்றும், இங்கேயே பிறந்த சிறுவனிடமும் பெரும்பாலும் இவையே.

நம் தமிழ்நாட்டுக்குள் நடந்த வேலையையும் சொல்லவேண்டும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிச்சப்பன் பல ஆண்டுகள் மாதிரிகள் சேகரித்தார். மதுரை மாவட்டத்தில் ஜோதிமாணிக்கம் என்ற சிற்றூரில், எம்130 என்ற ஒய் குரோமோசோம் அடையாளம் அவருடைய ஆய்வில் கிடைத்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கடற்கரை ஓரமாக ஆஸ்திரேலியா வரை போன ஆதி மனிதரின் தடம் அது என்று உலகம் முழுக்கச் செய்தியாயிற்று. நல்ல ஆய்வு. ஆனால் வகுப்பில் சொல்லும்போது ஒரு எச்சரிக்கை வேண்டும். ஒய் குரோமோசோம் அப்பா, அவருடைய அப்பா, அவருடைய அப்பா என்று ஒற்றைக் கோட்டில் மட்டும் போகும். பத்துத் தலைமுறைக்கு முன்னால் நமக்கு 1,024 மூதாதையர் இடங்கள் உண்டு. இருபது தலைமுறைக்குப் போனால் பத்து லட்சத்தைத் தாண்டும். அதில் ஒரே ஒருவரைப் பற்றித்தான் அந்த அடையாளம் பேசுகிறது. மீதி 1,023 பேரை விட்டுவிட்டு “நான் இன்னாரின் வம்சம்” என்று சொல்வது கணக்கிலேயே இடிக்கும். பிள்ளைகள் இரண்டின் மடங்குகளைப் போட்டுப் பார்க்கட்டும், ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கே விளங்கும்.

2012இல் அதே மதுரைக் குழு, தமிழ்நாட்டின் 12 பழங்குடிகள், 19 பிற குழுக்கள் என 1,680 ஆண்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டது. தந்தை வழிக் கோடுகளில் இருக்கும் வேறுபாடு, வேளாண்மை பரவிய காலத்தோடு, அதாவது 4,000 முதல் 6,000 ஆண்டுகளுக்கு முன்போடு பொருந்துகிறது என்றார்கள். 2013 கட்டுரையோ கலப்பு 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை நீடித்தது என்கிறது. இரண்டும் முழுக்க ஒத்துப்போகவில்லை. ஒன்று தந்தை வழியை மட்டும் பார்க்கிறது, மற்றது மரபணுத் தொகுதி முழுவதையும் பார்க்கிறது. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இந்த முரணை மறைக்கவேண்டாம். அறிவியல் இப்படித்தான் நடக்கிறது என்று அவர்கள் பார்க்கட்டும்.

1,900 ஆண்டுகளுக்கு முன்பு என்றால் நமக்கு அது சங்ககாலம். அந்தக் காலத்தில் இந்த நொய்யல் கரை எப்படி இருந்தது? இங்கிருந்து கிழக்கே, நொய்யலின் வடகரையில், ஈரோடு மாவட்டத்தில் கொடுமணல் இருக்கிறது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985இல் அங்கே அகழாய்வு தொடங்கியது. இரும்பு உருக்கிய உலைகள், கல்மணிகள் செய்த பட்டறை, தமிழ்பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள், பெருங்கற்கால ஈமக்குழிகள் எல்லாம் கிடைத்தன. பச்சைக்கல் பக்கத்தில் படியூரிலிருந்து வந்தது. கார்னீலியன் போன்ற கற்கள் குஜராத் பக்கமிருந்து வந்திருக்கவேண்டும் என்பது ஆய்வாளர்கள் கருத்து. பானை ஓடுகளில் தமிழ்ப் பெயர்களோடு பிராகிருதச் சாயல் கொண்ட பெயர்களும் இருக்கின்றன. வடக்கேயிருந்து ஆட்கள் வந்து, தங்கி, தாங்கள் சாப்பிட்ட பானையில் பெயர் எழுதியிருக்கிறார்கள். ஏற்றுமதித் தொழில், வெளியூர் ஆட்கள், பல மொழி. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய பல்லடம் ரோடு என்று நான் பிள்ளைகளிடம் சொல்வேன். சிரிப்பார்கள், ஆனால் மறக்கமாட்டார்கள். முடிந்தால் கொடுமணலுக்கு ஒரு நாள் அழைத்துப் போங்கள்.

இனி உடல்நலத்துக்கு வருகிறேன். பெற்றோர் கூட்டத்தில் உதவப்போவது இந்தப் பகுதிதான். ஒரு சிறு கூட்டம் தனக்குள்ளேயே பல நூறு ஆண்டுகள் மணம் செய்தால், தொடக்கத்தில் ஒரே ஒருவரிடம் இருந்த ஒடுங்கு மரபணுகூட இரண்டு பக்கமிருந்தும் வந்து ஒரு பிள்ளையிடம் சேரும் வாய்ப்பு கூடுகிறது. இதற்கு நிறுவனர் விளைவு என்று பெயர். பின்லாந்து மக்கள் இதற்குப் பேர்போனவர்கள், அவர்களிடம் மட்டும் மிகுதியாகக் காணும் நோய்களுக்கு ஒரு பட்டியலே இருக்கிறது. 2017இல் தெற்காசியாவின் 263 குழுக்களை ஆராய்ந்தபோது, 81 குழுக்களில் நிறுவனர் விளைவு பின்லாந்துக்காரர்களைவிட வலுவாக இருப்பது தெரிந்தது. ஆந்திரத்தின் வைசிய சமூகத்தில், அறுவை சிகிச்சையில் தரும் ஒரு தசைத் தளர்வு மருந்தை உடைக்கும் நொதி சிலரிடம் குறைவாக இருப்பதை மருத்துவர்கள் அறிவார்கள். அறுவைக்கு முன்பே தெரிந்தால் மருந்தை மாற்றி உயிரைக் காக்கலாம்.

நம் பகுதியில் அக்கா மகள், மாமன் மகள் என்று கட்டுவது வழக்கம். தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் உறவுக்குள் திருமணம் ஏறத்தாழ 28 சதவீதம், நாட்டிலேயே மிக அதிகமான மாநிலங்களில் ஒன்று. தாய்மாமனும் அக்கா மகளும் மணந்தால், பிள்ளையின் மரபணுக்களில் சராசரியாக எட்டில் ஒரு பங்கு இரு பக்கமும் ஒரே மூதாதையிடமிருந்து வந்ததாக இருக்கும். அத்தை மகன், மாமன் மகள் என்றால் பதினாறில் ஒரு பங்கு. “நாங்க சொந்தத்துல கட்டல சார், நம்ம ஆளுங்கதான், ஆனா வேற ஊரு” என்று பெற்றோர் சொல்வார்கள். குழு சிறியதாக இருந்தால் அந்த வேற்றூர்க்காரரும் பலமடங்கு தூரத்துச் சொந்தம்தான். இதைக் குற்றம்சாட்டும் குரலில் சொல்லவேண்டாம். மாற்றுத்திறன் பிள்ளையோடு வந்து நிற்கிற தாய்க்கு ஏற்கெனவே போதுமான ஏச்சு கிடைத்திருக்கும்.

இன்னொரு உதாரணம், அரிவாள் செல் சோகை. 1952இல் இந்தியாவில் அது முதலில் கண்டறியப்பட்ட இடங்களில் ஒன்று பக்கத்து நீலகிரிப் பழங்குடிகள். அதே ஆண்டு அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடமும் கண்டார்கள். தோட்ட வேலைக்காக வெள்ளையர் காலத்தில் நாட்டின் நடுப்பகுதிகளிலிருந்து அங்கே கொண்டுசெல்லப்பட்டவர்களின் வழிவந்தோர் அவர்கள். இன்று அஸ்ஸாமிலிருந்து திருப்பூருக்கு ஆட்கள் வருகிறார்கள். மலேரியா இருந்த இடங்களில் அந்த மரபணு ஒரு பிரதி மட்டும் இருந்தால் பாதுகாப்பு, இரண்டும் சேர்ந்தால் நோய். அந்த மரபணு வைத்திருக்கிற கணக்கு கொசுவோடுதான், சாதியோடு இல்லை.

மரபணு சொல்லாத விஷயங்களும் நிறைய. மொழியை அது சொல்லாது. பலுசிஸ்தானில் பிராகுயி பேசும் மக்களின் மொழி நம் திராவிடக் குடும்பம். உடலின் மரபோ பக்கத்து பலூச் மக்களோடுதான் நெருக்கம். திறமையையும் சொல்லாது. மனித வேறுபாட்டில் ஏறத்தாழ 85 சதவீதம் ஒரே குழுவுக்குள்ளேயே இருக்கிறது என்று ரிச்சர்டு லெவோன்டின் 1972இலேயே கணக்கிட்டுச் சொன்னார். “நாங்கதான் ஆதிக்குடி, அவங்க வந்தேறி” என்று இரு தரப்பிலும் இந்த ஆய்வுகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் உண்டு. ஆசிரியர்கள் அந்தப் பந்தயத்தில் இறங்கவேண்டாம். முன்னே வந்தவருக்கு உரிமை அதிகம் என்று அரசியலமைப்பில் எங்கும் இல்லை. எச்சிலை அனுப்பினால் வம்சம் சொல்கிறோம் என்று வரும் விளம்பரங்களைப் பற்றிப் பிள்ளைகள் கேட்டால், அந்தச் சதவீதம் யாரோடு ஒப்பிடுகிறார்கள் என்பதைப் பொறுத்து மாறும் என்று சொல்லிவிடுங்கள்.

வகுப்பறைக்கு இரண்டு விஷயம். பெற்றோரின் ரத்த வகையை எழுதிக்கொண்டு வா என்று வீட்டுப்பாடம் தராதீர்கள். தத்துப் பிள்ளை இருக்கும், சொல்லப்படாத கதைகள் இருக்கும். கற்பனைக் குடும்பத்தை வைத்தே கணக்குப் போடலாம். குடும்ப மரம் வரையச் சொல்வதிலும் இதே கவனம் தேவை. நாக்கைச் சுருட்டுவது ஒற்றை மரபணுப் பண்பு என்று நாம் படித்ததையும் விட்டுவிடலாம், ஒரே கருவில் பிறந்த இரட்டையரிலேயே ஒருவர் சுருட்டுவார், மற்றவரால் முடியாது.

செய்துபார்க்க ஒரு வேலை. பனியன் கம்பெனி கட்டிங் வேஸ்டில் ஒரே நீளத்துக்குக் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள் வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு கறுப்பு, ஒரு வெள்ளை சேர்ந்தால் முதல் தலைமுறை. கண்ணை மூடிக்கொண்டு ஓரிடத்தில் இரண்டையும் சேர்த்து வெட்டி, மாற்றி ஸ்டேப்லர் போடவேண்டும். கிடைத்த இரண்டில் ஒன்றை எடுத்து, வேறு குழுவின் பட்டையோடு ஜோடி சேர்த்து மறுபடியும் வெட்டவேண்டும். ஒரு குழு மூன்று தலைமுறையோடு நிறுத்தட்டும், ஒரு குழு எட்டு வரை போகட்டும். பிறகு பட்டைகளைக் கலந்து வைத்து, ஸ்கேலால் நிறத்துண்டுகளை அளந்து, எது எத்தனையாவது தலைமுறை என்று மற்றவர்கள் கண்டுபிடிக்கவேண்டும். சராசரி போடத் தெரிந்த வகுப்புக்கு இது போதும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் என்றால் வெட்டி ஒட்டி, கடைசிப் பட்டையிலிருந்து கறுப்பை மட்டும் பிரித்துக் கொடு என்று கேட்டுப்பாருங்கள்.

பின்னால் மேசையில் இரண்டு மூட்டை கட்டிங் வேஸ்ட் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். பள்ளிக்கு ஒரு பை எடுத்துக்கொள்ளலாம். ஸ்டேப்லர் மட்டும் நீங்கள்தான் பார்த்துக்கொள்ளவேண்டும்.